அணியில் பன்னிரண்டு இடங்கள்

(நூற்றாண்டு விழாவின்போது, புதிய கூடைப்பந்தாட்டத் திடல் திறப்பை முன்னிட்டு ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



'பெண் பிள்ளைகளும் விளையாட்டும்' என்று ஒரு வைத்தியருக்குத் தலைப்புக் கொடுத்தால், முழங்கால் வலியைப் பற்றியும் இரும்புச்சத்தைப் பற்றியும் பேசிவிட்டு இறங்குவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். துள்ளி எழும்பிக் கீழே இறங்கும் விளையாட்டுகளில் முழங்காலின் முன் இணையம் கிழிவது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கே அதிகம். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னர் கால் மணி நேரம் முறையாக உடலைச் சூடாக்கி, சரியாகத் தரையில் இறங்கப் பழக்கினால் அதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நின்றால், 'விளையாடுகிற பிள்ளை, அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது. வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். காலைச் சாப்பாடு இல்லாமல் எந்தப் பிள்ளையையும் திடலில் இறக்கக் கூடாது.

இனி, இன்று பேச வேண்டிய விடயத்துக்கு வருகிறோம்.

நாங்கள் இங்கே படித்த காலத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பொழுது சாய்ந்தால் விளையாட்டும் முடிந்தது. இன்று எங்கள் பழைய மாணவிகள் ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதை அனுப்பி, மின்னொளியோடு ஒரு திடல் எழுந்திருக்கிறது. இனி எங்கள் பிள்ளைகள் இருட்டிய பிறகும் பயிற்சி செய்வார்கள். வெளி மாவட்டங்களுக்கு பஸ்ஸில் போவார்கள், அங்கே இரவு தங்குவார்கள். கெட்டிக்காரிகள் மாகாண அணிக்கும் தேசிய அணிக்கும் போவார்கள். அப்படிப் போகட்டும் என்பதற்காகத்தானே கட்டினோம். வீட்டிலிருந்து அவர்கள் எவ்வளவு தூரம் போகிறார்களோ, அவ்வளவு அதிகமாக இன்னொருவரின் பொறுப்பில் இருப்பார்கள். அந்தப் பொறுப்பைப் பற்றித்தான் பேச நினைத்தோம். அதற்கு, வேறொரு கண்டத்தில் நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாலி என்பது மேற்கு ஆபிரிக்காவில் கடற்கரையே இல்லாத ஒரு நாடு. தலைநகர் பமாக்கோ. நாட்டின் வடபாதி சகாராப் பாலைவனம். 2012ஆம் ஆண்டு முதல் அங்கே போர். போருக்குள் விளையாடுகிற பிள்ளைகள் எப்படியிருப்பார்கள் என்று இந்த மண்டபத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த நாட்டின் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தில் மிகுந்த வல்லவர்கள். மூத்த மகளிர் அணி 2007இல் ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்று, 2008இல் பீஜிங் ஒலிம்பிக்கிலும் ஆடியது. பதினெட்டு வயதிற்குட்பட்டோர் அணியோ ஆபிரிக்கச் சம்பியன் பட்டத்தைத் திரும்பத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்த அணி.

பத்தொன்பது வயதிற்குட்பட்ட மகளிருக்கான உலகக் கிண்ணம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. பதினாறு நாடுகள் ஆடும். 2021 ஓகஸ்டில் அது ஹங்கேரியின் டெப்ரெட்சென் நகரில் நடந்தது. மாலிப் பிள்ளைகள் அரையிறுதிவரை போனார்கள். அந்தப் போட்டியில் அரையிறுதியை எட்டிய முதலாவது ஆபிரிக்க அணி அதுதான். அமெரிக்கா முதலாம் இடம், அவுஸ்திரேலியா இரண்டாம் இடம், போட்டியை நடத்திய ஹங்கேரி மூன்றாம் இடம், மாலி நான்காம் இடம். உள்ளக அரங்குகளும் விளையாட்டு விஞ்ஞானமும் பெருஞ்செல்வமும் உள்ள நாடுகளின் வரிசையில், நான்காவதாக பமாக்கோவின் பிள்ளைகள்.

இந்த வெற்றிக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் நடந்ததை இப்போது கேளுங்கள்.

2021 ஜூனில், 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையும் மனித உரிமைகள் கண்காணிப்பகமும் ஒரு செய்தியை வெளிக்கொண்டு வந்தன. மாலியின் தேசிய இளையோர் மகளிர் அணியில், பதின்ம வயதுப் பிள்ளைகள் பல வருடங்களாகப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகி வந்திருக்கிறார்கள் என்பதே அந்தச் செய்தி. முறைப்பாடுகளின் மையத்தில் இருந்தவர் அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளர். மறுத்த பிள்ளைகளுக்கு அதற்கான தண்டனையும் காத்திருந்தது என்று வீராங்கனைகள் சொன்னார்கள். பொறுப்பில் இருந்த பெரியவர்களுக்குத் தெரிந்தும் எதுவும் செய்யவில்லை என்றும் சொன்னார்கள். ஜூலையில் அந்தப் பயிற்றுவிப்பாளர் கைது செய்யப்பட்டு, நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டார்.

சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் தனியான ஒரு விசாரணையை ஏற்படுத்தியது. அதை நடத்தியவர் கனடாவைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் மெக்லாரன். ரஷ்யாவின் ஊக்கமருந்து விவகாரத்தை ஆராய்ந்தவரும் அவரே. செப்ரெம்பரில் வந்த அவருடைய அறிக்கையில் எங்களை மிகவும் உலுக்கிய விடயம் ஒன்று உண்டு. இது ஒரு தனி மனிதரின் கேடு மட்டுமல்ல, அந்த நாட்டுச் சம்மேளனத்துக்குள்ளேயே இப்படி நடப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கமாகிவிட்டிருந்தது என்று அறிக்கை சொன்னது.

ஒரு தவறு எப்படி வழக்கமாகிறது? இதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், ஒரு கூடைப்பந்தாட்ட அணியை எண்ணிப் பாருங்கள். உலகக் கிண்ணத்துக்குப் போகும் அணியில் பன்னிரண்டு பேருக்கு மட்டுமே இடம். பதின்மூன்றாவது பிள்ளை வீட்டில். அந்தப் பன்னிரண்டு பெயர்களையும் எழுதுவது யார்? எவர் திடலில் இறங்குவார், எவர் வாங்கில் இருப்பார் என்று சொல்வது யார்? கடவுச்சீட்டு யாரிடம்? கொடுப்பனவு யார் கையால் வருகிறது? விடுதியில் எந்தப் பிள்ளைக்கு எந்த அறை என்று தீர்மானிப்பது யார்? இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் விடையென்றால், அங்கே ஆபத்து ஏற்கனவே வந்துவிட்டது. அந்தப் பெயருக்குரியவர் நல்லவராக இருந்தால் அது பிள்ளைகளின் அதிர்ஷ்டம். பிள்ளைகளின் பாதுகாப்பை நாம் அதிர்ஷ்டத்திடம் ஒப்படைக்க முடியுமா?

வறுமைப்பட்ட வீடொன்றில் அந்தப் பன்னிரண்டு இடங்களில் ஒன்று எவ்வளவு பெரிய விடயம் என்பதையும் நினையுங்கள். வெளிநாட்டுக் கழகம் ஒன்றின் கண்ணில் பட்டால், ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் புலமைப்பரிசில் கிடைத்தால், ஒரு குடும்பமே தலைநிமிர்ந்துவிடும். பிள்ளை மறுத்துப் பேசினால், அவள் இழப்பது ஒரு விளையாட்டை மட்டுமல்ல. அந்தப் பாரத்தை பதினாறு வயதுத் தோளில் ஏற்றிவிட்டு, 'ஏன் நீ வாய் திறக்கவில்லை?' என்று கேட்பது நியாயமா?

இதைக் கேட்டுவிட்டு, 'அது ஆபிரிக்கா, அங்கே அப்படித்தான்' என்று யாராவது ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. ஐக்கிய அமெரிக்காவின் ஜிம்னாஸ்ரிக் அணியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அங்கே குற்றவாளி பயிற்றுவிப்பாளர் அல்ல. எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒரு வைத்தியர். தேசிய அணியின் வைத்தியர். சிகிச்சை என்ற பெயரிலேயே அவர் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தார். 1990களின் பிற்பகுதியிலேயே பிள்ளைகள் பெரியவர்களிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். உலகம் காது கொடுத்தது 2016இல். 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று பேசினார்கள். 40 முதல் 175 வருடங்கள் வரையான சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய செல்வந்த நாட்டில், படித்த பெற்றோர் அடுத்த கதிரையில் இருந்த அறையிலும்கூட, இது நடந்தது. வெள்ளைக் கோட்டுக்கு மக்கள் கொடுக்கும் மரியாதை எவ்வளவு பெரியது, அதற்குப் பின்னால் எதையெல்லாம் ஒளிக்க முடியும் என்பதை வைத்தியர்களாகிய நாங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். நாங்கள் பரிசோதிக்கும்போதும் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் இன்னொரு பெண் நிற்க வேண்டும். நல்ல வைத்தியர் எவரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.

இப்போது மாலியின் அந்த வருடத்தைத் திரும்பவும் வரிசைப்படுத்திப் பாருங்கள். ஜூனில் உண்மை வெளிவந்தது. ஜூலையில் பயிற்றுவிப்பாளர் கைது. ஓகஸ்டில் உலகக் கிண்ணத்தில் நான்காம் இடம்.

எங்கள் ஊர்களில் இப்படியான விடயங்களை மூடி வைப்பதற்கு எப்போதும் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. 'வெளியில் தெரிந்தால் பள்ளிக்கூடத்தின் பெயர் கெடும். அணி சிதறும். பிள்ளையின் எதிர்காலம் போய்விடும். அவர் இல்லாவிட்டால் கிண்ணம் வராது.' மாலியில் உண்மை உலகம் முழுவதற்கும் தெரிந்தது. அணி சிதறவில்லை. அந்தப் பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் இல்லாமலே, அதுவரை எந்த ஆபிரிக்க அணியும் எட்டாத இடத்தை அந்தப் பிள்ளைகள் எட்டினார்கள். துள்ளி எழுந்து பந்தைப் பிடித்த கைகள் அவர்களுடையவை. ஆற்றல் அவர்களுடையது. 'நான் இல்லாவிட்டால் நீ இல்லை' என்று எந்தப் பெரியவராவது ஒரு பிள்ளைக்குச் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்க ஜிம்னாஸ்ரிக் அணியும் அப்படித்தான். தானும் பாதிக்கப்பட்டவள் என்று 2018இல் வெளிப்படையாகச் சொன்ன சிமோன் பைல்ஸ், 2024இல் பரிஸ் ஒலிம்பிக்கில் மீண்டும் தன் அணியோடு தங்கப் பதக்கம் வென்றார்.

உண்மையைப் பேசுவது இலகு என்று இதற்கு அர்த்தம் இல்லை. மாலியில் பேசியவர்களும் சாட்சி சொல்ல முன்வந்தவர்களும் அழுத்தங்களைச் சந்தித்தார்கள். அதனால்தான் பேசுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க ஆட்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படிப் பாதிக்கப்படுகிற பிள்ளை எங்களிடம் வரும்போது அந்த முறைப்பாட்டோடு வருவது அரிது. வயிற்று வலி என்று வருவாள். தலையிடி, நித்திரை இல்லை என்று வருவாள். விளையாட்டு என்றால் உயிரை விடுகிற பிள்ளை, திடீரென்று பயிற்சிக்குப் போகாமல் இருக்க வைத்தியச் சான்றிதழ் கேட்பாள். ஒருவரின் பெயரைச் சொன்னதும் முகம் மாறும். யாரோ வாங்கிக் கொடுத்த புதுக் கைத்தொலைபேசி கையில் இருக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டவுடன் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். வயிற்று வலி பெரும்பாலும் வயிற்று வலியாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்தில் இருந்து, அவசரப்படாமல் விசாரியுங்கள்.

அவள் சொல்லத் தொடங்கினால், 'ஏன் அப்பவே சொல்லேல்லை?' என்று கேட்காதீர்கள். 'அவர் அப்படிப்பட்ட ஆளில்லையே' என்று சொல்லாதீர்கள். 'நீ சொல்லுறதை நம்புறன் பிள்ளை. இதிலை உன்ரை பிழை ஒண்டும் இல்லை' என்ற இரண்டு வசனங்கள் போதும். பாதி மருந்து அதிலேயே இருக்கிறது. அதன் பிறகு, 'இனி நீ விளையாடப் போக வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பயத்தில் நாங்கள் முதலில் செய்வது அதைத்தான். குற்றம் செய்தவர் திடலில் நிற்க, குற்றமே செய்யாத பிள்ளை வீட்டுக்குள் அடைபடுவாள். தன்னைப் பேசவிட்டதற்குக் கிடைத்த தண்டனையாகவே அவள் அதை எடுத்துக்கொள்வாள். அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றப் பிள்ளைகளும் இனி வாய் திறக்க மாட்டார்கள்.

இந்தத் திடலோடு சேர்த்து இந்தப் பாடசாலைக்கு ஐந்து ஒழுங்குகளையும் தர வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம். இவற்றுக்குச் சீமெந்தும் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை.

முதலாவது, அணித் தெரிவு. எந்த அணியையும் ஒருவர் தனியே தெரிவு செய்யக் கூடாது. மூவர் தெரிவு செய்யட்டும்; அவர்களில் ஒருவராவது பாடசாலைக்கு வெளியே உள்ள பெண்ணாக இருக்கட்டும். எதைப் பார்த்துத் தெரிவு செய்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே எழுதிப் போடுவோம்.

இரண்டாவது, எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனித்திருக்கக் கூடாது. பயிற்சியிலும், வாகனத்திலும், தங்குமிடத்திலும், சிகிச்சை அறையிலும் பொறுப்பான இரண்டு பேர் இருக்க வேண்டும். கனடாவில் விளையாட்டுப் பயிற்றுவிப்பாளர்களுக்கு 'இருவர் விதி' என்றே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அங்கிருந்து வந்திருக்கும் எங்கள் தோழிகளுக்குத் தெரிந்திருக்கும். இந்த விதி நல்ல பயிற்றுவிப்பாளர்களையும் வீண் பழியிலிருந்து காக்கும்.

மூன்றாவது, பயிற்றுவிப்பாளர் ஒரு பிள்ளைக்குத் தனியாக வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பத் தேவையில்லை. அணிக்கு ஒரு குழு இருக்கட்டும். அதில் ஆசிரியை ஒருவரும் பெற்றோர் ஒருவரும் இருக்கட்டும்.

நான்காவது, பணம். பயணச் செலவு, சப்பாத்து, சாப்பாடு எல்லாம் சங்கத்தின் கணக்கிலிருந்து பாடசாலை வழியாகப் போகட்டும். எந்தப் பிள்ளையும் தன் சப்பாத்துக்காகத் தனி ஒருவருக்குக் கடமைப்படக் கூடாது.

ஐந்தாவது, முறைப்பாடு. பாடசாலை நீதிமன்றம் அல்ல. உள்ளுக்குள்ளேயே விசாரித்து, சமரசம் செய்து, ஆளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவது தீர்வே அல்ல. அது அடுத்த பாடசாலையின் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை எங்கள் நாட்டில் இருக்கிறது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குவது, தமிழிலேயே பேசலாம். அந்த இலக்கம் புள்ளிப் பலகைக்குப் பக்கத்தில் எல்லோரும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

'இதையெல்லாம் செய்ய அதிபர் இருக்கிறார், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பழைய மாணவிகளுக்கு என்ன வேலை?' என்று கேட்கலாம். எங்களிடம் மட்டும் உள்ள ஒரு பலம் இருக்கிறது. எங்களுக்கு அணியில் இடம் வேண்டியதில்லை. எங்களுக்கு இடமாற்றமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. எங்கள் புள்ளிகளை யாரும் குறைக்க முடியாது. ஒரு பிள்ளைக்கு இழப்பதற்கு இருப்பவை எவையோ, அவை ஒன்றும் எங்களை ஆட்டாது. அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான பெண்கள் உலகமெங்கும் இருந்து ஒரு பாடசாலையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே யாருக்குத் துணிச்சல் வரும்? நூறு வருடங்களாக இந்தச் சங்கம் கட்டடத்துக்கும் வாத்தியத்துக்கும் புலமைப்பரிசிலுக்கும் அள்ளிக் கொடுத்திருக்கிறது. இனிப் பிள்ளைகள் தொலைபேசியில் அழைக்கக்கூடிய இரண்டு அக்காமாரின் பெயர்களையும் கொடுக்கட்டும். உள்ளூரில் ஒருவர், வெளிநாட்டில் ஒருவர்.

மாணவச் செல்வங்களே, இவ்வளவையும் கேட்டு நீங்கள் பயந்துவிட்டீர்களோ தெரியாது. நீங்கள் பயப்பட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. பெரும்பாலான பயிற்றுவிப்பாளர்கள் தங்கள் நேரத்தையும் காசையும் செலவழித்து, வெயிலில் நின்று உங்களை வளர்ப்பவர்கள். அவர்களுக்கு நன்றியோடு இருங்கள். ஆனால் நன்றி வேறு, அடிபணிவு வேறு. உங்கள் உடம்பைப் பற்றி உங்கள் மனம் 'இது சரியில்லை' என்று சொன்னால், அதைச் சொல்வதற்கு எந்தக் கிண்ணமும் தடையாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் சொன்னதால் ஓர் அணி தோற்றது என்று யாராவது சொன்னால், டெப்ரெட்செனில் ஆடிய அந்த மாலி அக்காமாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று மாலை திடலில் முதலாவது பந்தை எறியப்போவது பதினைந்து வயதிற்குட்பட்ட அணி என்று அதிபர் சொன்னார். நன்றாக விளையாடுங்கள். வெல்லுங்கள், தோற்றாலும் பரவாயில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்போம்.